கண்ணை மூடினால் காணாமல் போகும் தரை

பரீட்சை என்றால் எனக்குப் பயம் கிடையாது. பெங்களூரில் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லைசென்ஸ் கேட்டு வந்தவர்களை எட்டுப் போடச் சொல்லி, காலைத் தரையில் ஊன்றியவனை ‘அடுத்த மாதம் வா’ என்று அனுப்பி அனுப்பியே தலை நரைத்தது. பரீட்சை வைப்பவன் வேறெங்கோ பார்ப்பதுபோல நிற்பதன் அர்த்தம் முதற்கொண்டு எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான், ஆஸ்பத்திரியில் என் காதுக்குள் தண்ணீர் விட்டுச் சோதித்த அன்று, முதல் வகுப்பில் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் மசால் தோசை வேறு சாப்பிட்டேன். இந்த நோய் வந்தவர்களுக்கு முதலில் ஏற்படும் குழப்பமே இதுதான்: தோற்றது ஜெயித்தது மாதிரி இருக்கும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

தொடக்கம் காதில் அல்ல. பிராஸ்டேட். ஆண்களுக்கு மூத்திரப்பையின் கழுத்தைச் சுற்றி இருக்கும் சுரப்பி. வயதானால் வீங்கி, போகிற வழியை அடைக்கும். அறுவை சிகிச்சை ஒழுங்காகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. கட்டில் கிடுகிடுவென்று ஆடும் அளவுக்குக் குளிர் ஜுரம். வீரியமான ஊசி மருந்து ஒன்றை வேளை தவறாமல் போட்டார்கள். வேளை தவறினால் மணியடித்துக் கூப்பிட்டவன் நான். படுக்கையில் கிடந்தாலும் நடைமுறை நடைமுறைதானே. அந்த மருந்து என்னைப் பிழைக்க வைத்தது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. கிருமியைக் கொன்ற கையோடு, யாரும் கேட்காமலே, என் இரண்டு உள்காதுகளையும் அணைத்துவிட்டுப் போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. சிலருக்கு அப்படி ஆகும் என்று பிறகுதான் சொன்னார்கள்.

படுத்திருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி மல்லேஸ்வரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தபோது, எதிரே கடைப் பலகைகள் எல்லாம் எகிறிக் குதித்தன. நின்றால் அவையும் நின்றன. நடந்தால் குதித்தன. ஷாக் அப்சார்பர் போன வண்டியின் ஹெட்லைட் இப்படித்தான் ஆடும். பலவீனம் என்றார்கள். கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பலகைகள் இன்னும் தெளிவாகக் குதித்தன.

நான் பிழைத்து வந்ததற்காக என் மனைவி ஜெயம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். கோவிலில் கண்ணை மூடும் பழக்கம் எனக்கு இல்லை; ஒயரிங் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்று என்னவோ, செத்துப் பிழைத்தவன் ஆயிற்றே என்று, கற்பூரம் காட்டும்போது கையைத் தலைக்கு மேல் குவித்துக் கண்ணை மூடினேன். தரை போய்விட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தலை சுற்றவில்லை, மயக்கம் இல்லை. காலுக்குக் கீழே இருந்த தரையை யாரோ கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்னால் நின்ற அம்மாள்மேல் சாய்ந்து, அவர் அர்ச்சகர்மேல் சாய்ந்து, விபூதித் தட்டு பறந்தது. “சாமி வந்துடுச்சு பாரு,” என்று பின்னால் ஒருவர் சொல்ல, யாரோ என் வாயில் வேப்பிலையைத் திணிக்க வந்தார்கள். அந்தக் கோவிலில் எனக்கு இன்றுவரை தனி மரியாதை.

அடுத்தது குளியலறை. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய நொடியில் குழாயின் மேல் விழுந்தேன். புருவத்தில் தையல். தையல் பிரிக்கும் முன்பே என் மகன் முரளி வந்து நின்றான். நகரத்தின் மறு கோடியில், அடுக்குமாடிக் கட்டடத்தில் மேல் தளத்தில் இருக்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. எங்கள் பக்கம் மாலையானால் கரண்ட் போகும். அவன் வீட்டில் ஜெனரேட்டர் உண்டு. விளக்கு அணைவதே இல்லை. இருட்டில் விழுகிற அப்பா, ஏற்கெனவே பார்வை குறைந்த அம்மா. வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எரிச்சல்.

ஜெயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே நடுவுக்கு வரும் நோய். சொட்டு மருந்தால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத்தான் அவளுக்கு உலகம். பொழுது சாய்ந்தால் அதுவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குள் என்னைவிட வேகமாக நடப்பாள். புறங்கை விரல்கள் சுவரை லேசாக உரசிக்கொண்டே போகும். படுக்கையறையிலிருந்து சமையலறை வரை, அவள் இடுப்பு உயரத்தில் ஒரு கறுத்த கோடு. தீபாவளிக்கு முன் வெள்ளையடித்தால் பொங்கலுக்குள் திரும்ப வந்துவிடும். எங்கள் குடித்தனச் சண்டைகளில் பாதி அந்தக் கோட்டைப் பற்றியவை. ஒரு வருடம் துடைத்தால் போகும்படி ஆயில் பெயிண்ட் அடித்தேன். “கைக்கு ஒண்ணும் தெரியல,” என்று அவள் புலம்பிக்கொண்டே இருக்கவும், அடுத்த வருடமே டிஸ்டெம்பருக்குத் திரும்பினோம்.

முரளியின் வீட்டில் ஒருமுறை சில நாட்கள் தங்கினோம். மருமகள் நல்ல பெண். வாரத்துக்கு ஒருமுறை சோபாவை இடம் மாற்றுவாள், அவ்வளவுதான். ஜெயம் காலையில் அந்தச் சோபாவில் உட்கார்ந்தால் இரவு வரை எழவில்லை. பாத்ரூமுக்குக்கூட மருமகள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. “அங்க நல்லாத்தான் இருக்கு,” என்றுதான் திரும்பி வந்ததும் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் எங்கள் வீட்டை ஒரு சுற்று முழுதாக நடந்து வந்தாள்.

ஆக விஷயம் இதுதான். விழப்போவது நான், வீட்டை இழக்கப்போவது அவள். டாக்டர் சொல்லட்டும், இருட்டில் உங்களால் சமாளிக்க முடியும் என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று முரளி ஒப்புக்கொண்டான்.

காத்திருக்கும் அறைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டோக்கன் கொடுத்துவிட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டு எழுந்தால் டோக்கன் எங்கே என்பார்கள். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கண்ணைக் கொட்டினால்கூட ஒரு நொடி நாற்காலி என்னைக் கைவிடுகிற மாதிரி. எழுந்து நடப்பேன்; நடந்தால் அறிவிப்புப் பலகை குதிக்கும்; மறுபடி உட்காருவேன். “என்னங்க, நீங்க இப்படி எழுந்து எழுந்து உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்கும் வியாதி வந்துடும்,” என்றாள் ஜெயம்.

முதலில் கேட்கும் சோதனை. காது நன்றாகக் கேட்டது. பிறகுதான் தண்ணீர். உள்காதில், கேட்பதற்கான நத்தை வடிவ உறுப்புக்குப் பக்கத்தில், மூன்று வளையக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் கொஞ்சம் பின்தங்கும். அதை வைத்து மூளை தலையின் திருப்பத்தை அறிகிறது. கொத்தனார் கையில் ரசமட்டம் இருக்கிறதே, அந்த மாதிரி; ஆனால் தலையாட்டலுக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று, திருப்பத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக. காதில் வெந்நீரோ குளிர்ந்த நீரோ விட்டால் திரவம் தானாக ஓடத் தொடங்கும். மூளை ஏமாந்து, உலகமே சுற்றுகிறது என்று முடிவு கட்டிவிடும். திரைக்கு அந்தப் பக்கம் எனக்கு முன்னால் போன இளைஞன் குடலே வெளியே வரும்படி வாந்தியெடுத்தான்.

என் முறை வந்தது. உதவியாளர் தட்டை ஏந்திக்கொண்டு தயாராக நின்றார். வெந்நீர் விட்டார்கள். சும்மா கிடந்தேன். குளிர்ந்த நீர். சும்மா கிடந்தேன். ஐஸ் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். காது ஜில்லென்றது, அவ்வளவுதான். சலூனில் சாய்ந்திருப்பது மாதிரி இருந்தது. உதவியாளர் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். நான் கம்பீரமாக வெளியே வந்து, அந்தப் பையன் வாந்தி எடுத்ததையும் எனக்கு ஒன்றும் ஆகாததையும் ஜெயத்திடம் விவரித்தேன். அவளும் சந்தோஷப்பட்டாள். தோசை அதற்குத்தான். முரளிக்குப் போன் செய்து, அப்பா பாஸ் என்று சொல்லச் சொன்னேன். காதில் ஊற்றிய தண்ணீருக்குப் போட்டிருந்த பில் காவிரித் தண்ணீருக்கே அதிகம் என்று தோன்றினாலும் அன்று சண்டை போடவில்லை.

சோதனைக்கு எழுதிக்கொடுத்த காது டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டு, சுழல் நாற்காலி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அங்கே ஓர் இருட்டறை. நாற்காலியில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டு, கண்ணை முழுதும் மறைக்கும் கண்ணாடி மாட்டினார்கள். கதவு சாத்தப்பட்டது. அடியில் ஒரு மோட்டார் முனகத் தொடங்கியது. நல்ல பேரிங், எண்ணெய் சரியாகப் போட்டிருக்கிறார்கள். சூடேறட்டும் என்று காத்திருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பொறுமை குறைவு.

“எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?” என்றேன்.

மூலையிலிருந்து, கருவியை இயக்கிக்கொண்டிருந்த பெண் சொன்னாள்: “சார், அப்பவே சுத்திட்டு இருக்கு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாத்தி மாத்தி. உங்களுக்குத் தெரியலையா?”

ஆஸ்பத்திரி நாட்களில் நான் உண்மையாகப் பயந்தது அப்போதுதான். ஜுரத்தில்கூட அப்படிப் பயப்படவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஓட்டுகிறவனுக்குத் தெரியவில்லை. அப்படி ஒருவன் என்னிடம் வந்திருந்தால் லைசென்ஸைக் கிழித்திருப்பேன்.

டாக்டரம்மா அன்று சாவகாசமாகப் பேசினார். கன்னடத்தில்தான் பேசினார், நான் புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். விபத்து நடந்த இடத்தில் மகஜர் என்ற ஸ்தல அறிக்கை எழுதப் போனால் சாட்சிகளைக் கேட்போம் இல்லையா. மூளையும் ஒவ்வொரு நொடியும் ஒரு மகஜர் எழுதுகிறது: நான் எங்கே இருக்கிறேன், எது மேல், எது கீழ், சுவர் எவ்வளவு தூரம். கண் ஒரு சாட்சி. உள்காது ஒரு சாட்சி. பாதமும் மூட்டுகளும் தோலும் சேர்ந்து ஒரு சாட்சி. அறை என்று நாம் நினைப்பது வெளியே தயாராகக் கிடப்பதில்லை. இவர்கள் சொன்னதைச் சேர்த்து மூளை எழுதிக்கொள்வது. அதுவும் எல்லார் பேச்சையும் சமமாக எடுத்துக்கொள்ளாது. அந்த நேரத்துக்கு யாரை நம்பலாமோ அவருக்கு எடை அதிகம். வெளிச்சத்தில் கண் சொல்வதே சட்டம். இருட்டில் காதையும் காலையும் கேட்கும். என் விஷயத்தில் காது இறந்துபோன சாட்சி. கண்ணையும் மூடிவிட்டால் பாதம் ஒன்றுதான் மிச்சம். ஒற்றைச் சாட்சியை வைத்துக்கொண்டு மூளை வழக்கை நடத்தத் தடுமாறுகிறது. அதுதான் விழுவது.

திரும்ப வருமா என்றேன். வராது என்றார். பின்னே என்ன செய்வது என்றேன். இருக்கிற சாட்சிகளுக்குப் பழக்கம் கொடுப்பது என்றார்.

அப்படித்தான் ஃபிலோமினாவிடம் போய்ச் சேர்ந்தேன். பிசியோதெரபிஸ்ட். லிங்கராஜபுரத்திலிருந்து தினம் ஸ்கூட்டரில் வருபவர். என் உத்தியோகத்தைக் கேட்டதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தன் வீட்டுக்காரரை எட்டுப் போடும்போது யாரோ ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆக்கினார் என்றார். அது நானாக இருக்காது என்றேன். “இருக்கட்டும் சார், எப்படியும் ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் கையில கெடைச்சாரே,” என்றார்.

இரண்டு சுவர் கூடும் மூலையில் ஒரு தடித்த ஸ்பாஞ்சின்மேல் என்னை நிறுத்தி, கண்ணை மூடச் சொல்வார். பாதத்தின் சாட்சியையும் ஸ்பாஞ்ச் குழப்பிவிடும். ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு மோதுவேன். நடைபாதையில் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே நடக்கச் சொல்வார். கால் பிசகினால், “கால ஊனிட்டீங்க, அடுத்த மாசம் வாங்க,” என்பார். பக்கத்தில் நிற்கும் நோயாளிகள் எல்லாம் சிரிப்பார்கள். வாரக்கணக்கில் போனேன். பகலில் நடை தேறியது. பலகைகள் குதிப்பதைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். இருட்டு மட்டும் தேறவில்லை.

ஒரு நாள் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு விரலைச் சுவரில் வைக்கச் சொன்னார். சாயக் கூடாது, அழுத்தக் கூடாது, தொட்டால் போதும் என்றார். நான் மெக்கானிக்கல் படித்தவன். ஒரு விரல் நுனி எழுபது கிலோவைத் தாங்காது என்று விளக்க ஆரம்பித்தேன்.

“தாங்கறதுக்கு இல்ல சார்,” என்றார் ஃபிலோமினா. “சொல்றதுக்கு.”

வைத்தேன். ஆட்டம் அடங்கியது. முழுதாக அல்ல; ஆனால் பாதிக்கு மேல். விரலை எடுத்தேன், ஆடினேன். வைத்தேன், நின்றேன். சுவர் என்னைப் பிடிக்கவில்லை. சுவர் இங்கே இருக்கிறது என்று விரல் சொன்னது. அதைப் பாதத்தின் பேச்சோடு சேர்த்துப் பார்த்து மூளை தரையைத் திரும்பக் கொடுத்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் சுவரில் தெரிந்தது.

நான் தொட்டுப் பார்த்ததை ஜெயத்திடம் சொல்லவில்லை. அந்தக் கோட்டுக்கு நான் இத்தனை வருடம் சொல்லிவந்த ‘அழுக்கு’ என்ற சொல்லைக் கிடைக்கும் முதல் வாய்ப்பில் திருப்பி என்மேல் வீசுவாள் என்று தெரியும்.

டாக்டரின் கடிதம் நழுவலாக இருந்தது. ‘தகுந்த முன்னெச்சரிக்கையுடன்’ என்று எழுதியிருந்தார். நானே எத்தனையோ கோப்புகளில் எழுதிய வாக்கியம், அதன் பொருள் ஒன்றுமில்லை. முரளி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தான். தன் வீட்டுச் சாவியில் ஒரு பிரதி எடுத்து, வளையத்தில் கோத்து, கையோடு கொண்டுவந்திருந்தான். அதை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, மாத முடிவுக்குள் சாமான்களை எடுத்துவிடலாம் என்றான். கூடத்தில் சுவரோர நாற்காலியில் நான். ஜெயம் அவனுக்குக் காபி கொடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தாள்.

கரண்ட் போனது. மழை இருட்டு வேறு. ஒன்றுமே தெரியவில்லை.

“ஃப்ரிட்ஜ் நின்னுடுச்சு,” என்றாள் ஜெயம்.

அவளுக்குக் கரண்ட் போவது அப்படித்தான் தெரியும். முரளி, யாரும் எழுந்திருக்க வேண்டாம், டார்ச் எங்கே என்று கேட்டுக்கொண்டே எழுந்தான். மடேரென்று ஒரு சத்தம். தொடர்ந்து அவன் அம்மா காதில் விழக்கூடாத ஒரு வார்த்தை. பிறகு கூடத்தின் நடுவிலிருந்து ஜெயத்தின் குரல். அந்தக் குரலை முரளியின் வீட்டில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

“என்னங்க. நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கறேன்?”

புரிந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில் சுவர் இல்லை. சுவர் இல்லாத இடத்தில் அவளுக்கு வழிகாட்டி அந்த ஃப்ரிட்ஜின் முனகல்தான். அதுவும் நின்றுவிட்டது. மகன் போட்ட சத்தத்தில் திரும்பியிருக்கிறாள், எவ்வளவு திரும்பினோம் என்று தெரியவில்லை.

எனக்குக் கண்ணும் இல்லை, காதுக்குள் ரசமட்டமும் இல்லை. புறங்கையைச் சுவரில் வைத்தேன். டிஸ்டெம்பரின் சொரசொரப்பு. கையைக் கீழே இறக்கினேன். ஓரிடத்தில் வழுவழுவென்று வந்தது. அவள் கோடு. அதில் விரலை விட்டுக்கொண்டு எழுந்தேன். தரை இருந்தது.

விரல் முட்டியால் சுவரைத் தட்டினேன். “இங்க. சத்தத்தப் பாத்து வா.”

தட்டிக்கொண்டே இருந்தேன். புடவை சரசரப்பு வந்தது. அவள் கை என் கையில் பட்டு, என்னைத் தாண்டிச் சுவரைப் பிடித்தது. பெருமூச்சுக்கூட விடவில்லை. “நகருங்க, வழில நிக்கறீங்க,” என்றாள். அவள் முன்னால் போக, ஒரு விரல் கோட்டிலும் ஒரு விரல் அவள் தோளிலுமாக நான் பின்னால் போனேன். சாமி அலமாரியில் மெழுகுவத்தி. அதை அவள்தான் ஏற்றினாள்.

திரும்பி வந்தபோது முரளி தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எங்கள் மூவரில் கண், காது, கால் மூன்றும் பழுதில்லாதவன் அவன் ஒருவன்தான்.

“இந்த டீப்பாயை யாரும்மா நடுவுல வெச்சது?”

“நீ பொறந்ததுலேருந்து அது அங்கதான்டா இருக்கு,” என்றாள் ஜெயம்.

முரளி ஆறிய காபியைக் குடித்தான். போகும்போது சாவி வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பரீட்சை முடிவை வாய்விட்டுச் சொல்லாமல் போவது எப்படி என்று நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை; ரத்தத்தில் வந்திருக்க வேண்டும்.

தீபாவளிக்கு முன் வழக்கமான பெயிண்டர் வந்தான். வழக்கம்போலக் கோட்டைக் காட்டி, உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டான். மற்றதை எல்லாம் அடி, அதை விட்டுவிடு என்றேன். வருடா வருடம் அதற்காகவே தன் உயிரை எடுத்த ஆள் சொல்கிறாரே என்று அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். உள்ளே தாளிக்கும் சத்தம் நின்றது.

“அதுக்கு மேலயும் அரை ஜாண் விடச் சொல்லுங்க,” என்றாள் ஜெயம் சமையலறையிலிருந்து. “அங்க இன்னொரு கோடு வந்துட்டு இருக்கு. கைக்குத் தெரியுது.”